முகத்தில் தெரியும் நூலிழை இரத்த நாளங்கள்: காரணம் கண்டறிவதிலிருந்து லேசர் சிகிச்சை வரை

மூக்கு மடல்களின் ஓரத்திலும், கன்னத்தின் மேட்டுப் பகுதியிலும், சிலருக்குத் தாடையிலும் சிவப்பாகவோ ஊதாவாகவோ நூலிழைபோல் ஓடும் மெல்லிய கோடுகளை மருத்துவர்கள் டெலாஞ்சியெக்டேசியா என்கிறார்கள். தோலின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே எல்லோருக்கும் இருக்கும் நுண்ணிய இரத்த நாளங்கள்தான் இவை. சுருங்கும் திறனை இழந்து நிரந்தரமாக விரிந்துவிட்டதால் வெளியே தெரிகின்றன. விட்டம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. வலிக்காது, அரிக்காது, பரவும் தொற்றும் அல்ல. ஆகவே பெரும்பாலானவர்களுக்கு இது தோற்றம் குறித்த கவலை மட்டுமே. சிகிச்சை செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஆனாலும் கண்ணாடியில் கோடு தெரிந்தவுடன் நேரே லேசர் மையத்துக்குப் போவது சரியான தொடக்கம் அல்ல. அந்தக் கோடு உடலுக்குள் இருக்கும் வேறொரு நோயின் அடையாளமாக இருக்கலாம்; அதைவிட அதிகமாக, தினமும் நாமே பூசிக்கொள்ளும் ஒரு க்ரீமின் விளைவாகவும் இருக்கலாம். தவிர, இந்தச் சிகிச்சைகளில் பலவும் வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை. மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் உள்ள நம் தோலில் அதே கருவியை அதே அளவில் பயன்படுத்தினால், சிவப்புக் கோடு போய்க் கருந்தழும்பு வந்து சேரும். எனவே கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது.

படி 1: வீட்டிலேயே கவனமாகப் பாருங்கள்

முகத்தைக் குளிர்ந்த நீரில் கழுவி, ஒப்பனை எதுவும் இல்லாமல், கால் மணி நேரம் கழித்துச் சன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வெயிலில் இருந்து வந்தவுடனோ, அடுப்படியில் இருந்து எழுந்தவுடனோ பார்த்தால் தற்காலிகச் சிவப்பும் நிரந்தரக் கோடும் கலந்து குழப்பும்.

அடுத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்றை எடுத்து அந்தக் கோட்டின் மேல் தட்டையாக வைத்து மெதுவாக அழுத்துங்கள். மருத்துவர்கள் கண்ணாடிச் சில்லை வைத்துச் செய்யும் சோதனையின் எளிய வடிவம் இது. அழுத்தியதும் கோடு மறைந்து, எடுத்ததும் திரும்ப நிறைந்தால், உள்ளே இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும் நாளம் அது என்று பொருள். அழுத்தியும் நிறம் போகவில்லை என்றால் தோலுக்கடியில் கசிந்த இரத்தமாகவோ, நிறமிப் படிவாகவோ இருக்கக்கூடும். அது வேறு விஷயம்.

எப்படி நிறைகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். சாதாரண நூலிழை நாளம் கோட்டோடு கோடாக நிறையும். நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி, அதிலிருந்து நாலாபுறமும் கால்கள் விரிந்தாற்போல் இருந்து, நடுப்புள்ளியை மட்டும் பேனா முனையால் அழுத்தும்போது கால்கள் அனைத்தும் மறைந்து, விட்டதும் நடுவிலிருந்து வெளிநோக்கி நிறைந்தால், அது சிலந்தி நாளம். நடுப்புள்ளி, கீழிருந்து மேலேறி வரும் ஒரு சிறு தமனி. இந்த வேறுபாடு சிகிச்சையையும் மாற்றும், காரணத்தைத் தேட வேண்டிய இடத்தையும் மாற்றும்.

தோல் நிறம் கூடக்கூட இந்தக் கோடுகள் பளிச்சென்ற சிவப்பாகத் தெரிவதில்லை. பழுப்பு கலந்த ஊதாவாகவோ, வெறும் மங்கலான கருமையாகவோ தோன்றும். அதனால்தான் நம்மில் பலர் இதை மங்கு என்று நினைத்து, மங்குக்கான க்ரீமைப் பூசத் தொடங்கிவிடுகிறார்கள். அது எவ்வளவு பெரிய சிக்கல் என்பது நான்காம் படியில் வரும். இப்போதைக்கு, ஒரே இடத்தில், ஒரே நேரத்து வெளிச்சத்தில் நேராகவும் இரு பக்கங்களிலுமாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் சிகிச்சை பலித்ததா என்று நினைவை நம்பித் தீர்மானிக்க முடியாது.

படி 2: காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

பெரும்பாலான கோடுகள் தீங்கற்றவை என்றாலும், சில சேர்க்கைகள் இருந்தால் அழகுச் சிகிச்சையைப் பற்றி நினைப்பதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சிலந்தி நாளம் ஒன்றிரண்டு இருப்பது இயல்பு. பள்ளிப் பிள்ளைகள் முகத்திலும் காணலாம், பல தாமாகவே மறைந்துவிடும். கர்ப்பக் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடுவதால் தோன்றுபவையும் குழந்தை பிறந்த சில மாதங்களில் பெரும்பாலும் போய்விடும். ஆனால் கர்ப்பமாக இல்லாத ஒருவருக்கு முகம், கழுத்து, மார்பின் மேற்பகுதி, கைகள் என்று குறுகிய காலத்தில் பல தோன்றினால், கல்லீரலைப் பரிசோதிக்கச் சொல்வார்கள். உள்ளங்கை சிவந்திருப்பது, கால் வீக்கம், கண் மஞ்சளாதல் ஆகியவை கூடவே இருந்தால் தாமதிக்கவே கூடாது.

உதட்டிலும் நாக்கிலும் விரல் நுனிகளிலும் சிறு சிவப்புப் புள்ளிகள் இருந்து, சிறு வயதிலிருந்தே அடிக்கடி மூக்கில் இரத்தம் வடிவதும், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ அதே தொல்லை இருப்பதும் சேர்ந்தால், பரம்பரையாக வரும் இரத்தக்கசிவு நாள நோயை நினைக்க வேண்டும். அந்நோயில் நுரையீரல், மூளை, கல்லீரல் ஆகியவற்றிலும் நாளக் கோளாறு இருக்கலாம் என்பதால் முகத்தின் புள்ளி அங்கே முக்கியமே அல்ல. கோடுகளாக இல்லாமல் பாய் விரித்ததுபோல் சதுரத் திட்டுகளாகச் சிவப்பு இருந்து, குளிரில் விரல்கள் வெளுத்து நீலமாவதும் விரல் தோல் இறுகுவதும் இருந்தால், தோலை இறுக்கிக் கெட்டியாக்கும் ஸ்கிளீரோடெர்மா என்ற நோய் இருக்கக்கூடும். மூக்குத் தண்டையும் இரு கன்னங்களையும் சேர்த்துப் பட்டாம்பூச்சி வடிவில் சிவந்து, வெயில் பட்டதும் கூடி, மூட்டுவலியும் வாய்ப்புண்ணும் உடன் வந்தால், நோய் எதிர்ப்பாற்றல் சொந்த உடலையே தாக்கும் லூபஸ் என்ற நோய்க்கான இரத்தப் பரிசோதனை தேவை.

கடைசியாக ஒன்று. முத்துப்போல் பளபளக்கும் ஒரு சிறு மேட்டின் மீது கிளைவிட்ட நாளங்கள் ஓடி, அது மெல்ல வளர்ந்து, அவ்வப்போது புண்ணாகி ஆறுவதும் திரும்புவதுமாக இருந்தால், அது பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோயாக இருக்கலாம். நம் தோல் நிறத்தில் இது அரிது. அரிது என்பதாலேயே தவறவிடப்படுவதும் உண்டு. அதன்மீது லேசர் பட்டால் மேலே உள்ள நாளம் மறைந்து, கீழே உள்ள கட்டி மறைவாக வளரும்.

படி 3: காரணத்தைத் தேடுங்கள்

நோய் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு, அன்றாடக் காரணங்களுக்கு வரலாம். முதலிடம் வெயிலுக்கு. பல்லாண்டுகள் புற ஊதாக் கதிர் பட்ட தோலில், நாளங்களைச் சுற்றித் தாங்கி நிற்கும் கொலாஜனும் எலாஸ்டினும் சிதைகின்றன. தாங்குதல் போன நாளம், தொய்ந்துபோன எலாஸ்டிக் நாடாவைப் போல விரிந்தபடியே நின்றுவிடுகிறது. வயல்வேலை, கட்டட வேலை, இருசக்கர வாகனத்தில் நாள் முழுவதும் அலையும் விற்பனை வேலை ஆகியவற்றில் இருப்பவர்களுக்கு இது கூடுதல். வயதும் குடும்பவாகும் இதனுடன் சேர்ந்துகொள்ளும்.

இரண்டாவது, ரோசேசியா. வெந்நீர்க் குளியல், சூடான காபி, காரக் குழம்பு, கோபம், கூச்சம் என்று எதற்கெடுத்தாலும் முகம் குப்பென்று சூடேறிச் சிவந்து, நேரம் கழித்தே தணிவது இதன் அடையாளம். நாளடைவில் நடுமுகத்தில் நிரந்தரச் சிவப்பும் கோடுகளும் பருப் போன்ற கட்டிகளும் வரலாம்; கண் உறுத்தலும் எரிச்சலும் உண்டாகலாம். இது வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் வரும் நோய் என்ற எண்ணம் மருத்துவர்களிடையேயும் நீண்ட நாள் இருந்ததால், நம் ஊரில் பலருக்குப் பருவுக்கான மருந்தே தொடர்ந்து கொடுக்கப்பட்டு வந்திருக்கிறது. முகம் எரிகிறது, குத்துகிறது, எதைப் பூசினாலும் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்பவருக்குச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ரோசேசியாவை நினைக்க வேண்டும்.

மூக்கை அழுத்திக் கிள்ளிக் கரும்புள்ளி எடுப்பது, மூக்கில் நடந்த அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு சிகிச்சை ஆகியவையும் காரணங்களே. மதுவும் நாளங்களை விரிக்கும். ஆனால் மூக்கில் கோடு தெரிபவரையெல்லாம் குடிகாரர் என்று முடிவுகட்டும் பழக்கம் நியாயமற்றது. வாழ்நாளில் மதுவைத் தொடாதவர்களுக்கும் ரோசேசியா வரும்.

படி 4: பூசும் க்ரீமைத் திருப்பிப் பாருங்கள்

தமிழ்நாட்டில் இளம் வயதில் கன்னத்தில் நாளம் தெரிகிறது என்று வருபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள் என்பதுதான். சிவப்பழகுக்காகவோ, மங்குக்காகவோ, பருவுக்காகவோ மருந்துக் கடையில் கேட்டு வாங்கியதும், தோழி சொன்னதும், பியூட்டி பார்லரில் லேபிள் இல்லாத டப்பாவில் கொடுத்ததுமான க்ரீம்களில் பல, ஸ்டீராய்டு கலந்தவை. 2011இல் வெளியான, இந்தியாவின் பல மையங்களில் நடந்த ஓர் ஆய்வில், முகத் தோல் பிரச்சினைகளுக்காக வந்த 2,926 பேரில் 433 பேர், அதாவது 14.8 சதவீதத்தினர், ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். இந்தியத் தோல் மருத்துவர்கள் இந்த நிலைக்கு டாப்பிக்கல் ஸ்டீராய்டு டேமேஜ்டு ஃபேஸ் என்று தனிப் பெயரே வைத்து, அவர்களுடைய சங்கத்தில் இதற்கெனச் செயற்குழுவும் அமைத்திருக்கிறார்கள்.

டியூபைக் கையில் எடுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயரை விட்டுவிட்டு, அதற்குக் கீழே பொடி எழுத்தில் உள்ள சேர்மானத்தைப் படியுங்கள். தேவைப்பட்டால் கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன், ஃபுளூசினோலோன், பெக்லோமெத்தசோன், ஹாலோபெட்டசால் என்ற பெயர்களில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மங்குக்குத் தரப்படும் மூன்று மருந்துக் கலவையில் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயினுடன் மூன்றாவதாக இருப்பதும் ஸ்டீராய்டுதான். அதை மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதிக் கொடுத்திருப்பார். சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கிப் பூசுவது நம் வேலை. 2018இல் மத்திய அரசு ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் கடைக்குப் போய்ப் பெயரைச் சொன்னால் கிடைக்கிறது என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே.

ஸ்டீராய்டு முதல் சில வாரங்களில் நாளங்களைச் சுருக்கி, வீக்கத்தைக் குறைத்து, நிறத்தையும் சற்று வெளுக்க வைக்கும். அந்த அழகுதான் ஆளை மயக்குவது. தொடர்ந்து பூசும்போது கொலாஜன் உற்பத்தி குறைந்து தோல் மெலிகிறது. மெலிந்த தோலின் வழியே நாளங்கள் தெரியத் தொடங்குகின்றன. அவை விரிந்தும் போகின்றன. பூசாத நாளில் முகம் எரிந்து சிவப்பதால் மறுபடியும் பூசத் தோன்றுகிறது. இப்படித்தான் முகம் அந்த க்ரீமுக்கு அடிமையாகிறது.

நிறுத்தும்போது ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். பல மாதங்கள் பூசியவர் திடீரென விட்டால், சில நாட்களிலேயே முகம் கடுமையாகச் சிவந்து, எரிந்து, பருக்கள் குவியலாக வரலாம். புது க்ரீம் ஒத்துக்கொள்ளவில்லை, பழையதே நல்லது என்று பலர் திரும்பிப் போவது இந்தக் கட்டத்தில்தான். எனவே தோல் மருத்துவரின் துணையுடன் நிறுத்துங்கள். வீரியம் குறைந்த ஸ்டீராய்டுக்கு மாற்றிப் படிப்படியாகக் குறைப்பது, டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்பைக் கொடுப்பது, பருக்களுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுப்பது என்று அவரிடம் வழிகள் உண்டு. கொந்தளிப்பு அடங்க வாரங்கள் ஆகலாம், சிலருக்கு மாதங்கள் ஆகலாம். அதன் பிறகு நாளங்களில் ஒரு பகுதி தானாகவே மங்கும். மங்காமல் நின்றவற்றுக்கு மட்டுமே லேசர் தேவை. ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருக்கும் முகத்தின் மீதோ, நிறுத்திய சூட்டோடு எரிந்துகொண்டிருக்கும் முகத்தின் மீதோ லேசர் செய்ய ஒப்புக்கொள்ளும் மையத்தை நான் நம்ப மாட்டேன்.

படி 5: அன்றாடப் பராமரிப்பை ஒழுங்கு செய்யுங்கள்

இருக்கும் கோட்டை இது அழிக்காது. புதிய கோடுகள் வருவதைத் தாமதப்படுத்தும். அத்துடன், லேசருக்குத் தோலைத் தயார்படுத்தும்.

எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட, யு.வி.ஏ. கதிரையும் தடுக்கும் சன்ஸ்கிரீனைத் தினமும் காலையில் பூச வேண்டும். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளவாக்கில் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். பெரும்பாலோர் பூசுவது இதில் பாதிகூட இருக்காது. வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். எரிச்சல் உள்ள தோலுக்குத் துத்தநாக ஆக்சைடு அடங்கிய வகை ஒத்துக்கொள்ளும். தோல் நிறத்துக்கேற்ற சாயம் கலந்த வகையில் இரும்பு ஆக்சைடு இருப்பதால் அது மங்கையும் கட்டுப்படுத்தும், கோட்டையும் ஓரளவு மறைக்கும். இவை எல்லாவற்றையும்விட மலிவானதும் உறுதியானதும் குடை.

முகம் கழுவ நுரை குறைந்த, மணமற்ற கிளென்சர் போதும். ஸ்க்ரப் வேண்டாம், எலுமிச்சைச் சாறு வேண்டாம். பார்லரில் ஃபேஷியல் செய்யும்போது கொடுக்கும் நீராவியும், அழுத்தித் தேய்க்கும் மசாஜும், ப்ளீச்சும் இந்த முகத்துக்கு ஆகாதவை. ஃபேஷியல் செய்தே ஆக வேண்டும் என்றால் நீராவியை மட்டுமாவது மறுத்துவிடுங்கள். அடுப்பின் முன் நெடுநேரம் நிற்பவர்கள் புகைபோக்கி விசிறியைப் போட்டு, இடையிடையே ஈரத்துணியால் முகத்தை ஒற்றிக்கொள்ளலாம். ரோசேசியா உள்ளவருக்கு எது சூடேற்றுகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுவதால், எல்லா உணவையும் விலக்காமல், சில வாரங்கள் குறித்து வைத்துப் பார்த்து உரியதை மட்டும் விலக்குவதே நடைமுறைக்கு ஏற்றது. காரமில்லாமல் சாப்பிடு என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது யாராலும் கடைப்பிடிக்க முடியாத அறிவுரை.

மருந்துக் களிம்புகளைப் பொறுத்தவரை ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: நிரந்தரமாக விரிந்துவிட்ட நாளத்தை அழிக்கும் க்ரீம் எதுவும் இல்லை. ஐவர்மெக்டின், மெட்ரோனிடசோல், அசலாயிக் அமிலம் ஆகியவை ரோசேசியாவின் கட்டிகளைக் குறைக்கும். பிரிமோனிடின், ஆக்சிமெட்டசோலின் ஆகியவை நாளங்களைச் சில மணி நேரம் சுருக்கிப் பரவலான சிவப்பைத் தணிக்கும். மருந்தின் வேகம் குறைந்ததும் சிலருக்கு முன்னைவிட அதிகமாகச் சிவக்கும். கோடு அப்படியே இருக்கும்.

படி 6: சிகிச்சை முறையைத் தேர்ந்தெடுங்கள்

லேசர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் மருத்துவரிடம் சரியான கேள்வி கேட்க முடியும். 1983இல் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் முன்வைத்த கோட்பாடு இதற்கு அடிப்படை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் சில அலைநீள ஒளியை அதிகமாக உறிஞ்சும். அந்த ஒளியைத் தோல் வழியே செலுத்தினால், நாளத்தின் உள்ளிருக்கும் இரத்தம் சூடேறி, நாளச் சுவர் வெந்து மூடிக்கொள்ளும். பின்னர் உடலே அதை மெல்லக் கரைத்து அகற்றும். சூடு சுற்றுப்புறத் திசுவுக்குப் பரவுவதற்குள் ஒளித்துடிப்பு முடிந்துவிட வேண்டும். 0.1 மில்லிமீட்டர் நாளம் குளிர ஏறத்தாழ 5 மில்லிசெகண்டும், 0.3 மில்லிமீட்டர் நாளம் குளிர 40 மில்லிசெகண்டுக்குச் சற்று மேலும் ஆகும் என்பதால், நாளத்தின் பருமனுக்கேற்பத் துடிப்பின் நீளத்தை மாற்றுவதில்தான் மருத்துவரின் கைத்திறன் இருக்கிறது.

நம் தோலில் இடையூறாக நிற்பது, தோலுக்கு நிறம் தரும் மெலனின். நாளத்துக்குப் போக வேண்டிய ஒளியை மேல்தோலில் இருக்கும் மெலனின் வழியிலேயே பிடித்துக்கொண்டு தானும் சூடாகும்; அதனால் கொப்புளமும், அதைத் தொடர்ந்து மாதக்கணக்கில் நிற்கும் கருமையும் வரும். அலைநீளம் கூடக்கூட மெலனின் உறிஞ்சுவது குறைகிறது. கருவிகளைப் பற்றிய முடிவுகள் அனைத்தும் இந்த ஒரு செய்தியிலிருந்தே கிளைக்கின்றன.

532 நானோமீட்டர் கே.டி.பி. லேசர், மூக்கோர மெல்லிய சிவப்புக் கோட்டைக் கண்ணெதிரே மறைய வைக்கும் ஆற்றல் உடையது. ஆனால் மெலனினும் அந்த ஒளியை நன்றாக உறிஞ்சும் என்பதால் வெளிர் நிறத் தோலுக்கே அது பொருந்தும். 585 அல்லது 595 நானோமீட்டர் பல்ஸ்டு டை லேசர், முகச் சிவப்புக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் நம்பகமான கருவி. குறுந்துடிப்பில் இயக்கினால் ஒன்று, இரண்டு வாரங்கள் நிற்கும் ஊதாக் கன்றல் வரும். நீள்துடிப்பில் அதைத் தவிர்க்கலாம், ஆனால் அமர்வுகள் கூடும். மாநிறத் தோலில் நல்ல குளிரூட்டலுடனும் குறைந்த ஆற்றலுடனும் இதைச் செய்யலாம். 1064 நானோமீட்டர் நீள்துடிப்பு என்.டி.யாக் லேசர் மெலனினைப் பெரும்பாலும் கடந்து செல்வதால் கறுத்த தோலுக்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. ஊதா நிறத்தில் சற்றுப் பருத்து ஆழத்தில் ஓடும் நாளத்துக்கும் இதுவே ஏற்றது. ஆனால் பாதுகாப்பு என்பது மேல்தோலைப் பொறுத்த மட்டில்தான். ஹீமோகுளோபின் இந்த அலைநீளத்தை அவ்வளவாக உறிஞ்சாததால் அதிக ஆற்றல் தேவைப்படுகிறது, வலியும் கூடுதல். ஒரே இடத்தில் துடிப்புகளை அடுக்கிவிட்டால், குறிப்பாக மூக்கு மடலில், குழி விழுந்த தழும்பு நிற்கும்.

ஐ.பி.எல். என்பது லேசர் அல்ல. ஏறத்தாழ 500 முதல் 1200 நானோமீட்டர் வரையிலான கலவை ஒளியை வடிகட்டியுடன் பாய்ச்சும் கருவி. வெளிர் தோலில் பரவலான சிவப்புக்கு நல்ல பலன் தருவது உண்மை. நம் ஊரில் முடி நீக்கத்துக்காகப் பல அழகு நிலையங்களில் இக்கருவி இருப்பதால் முகச் சிவப்புக்கும் இதையே செய்கிறோம் என்பார்கள். மாநிறத்துக்கு மேல் கறுத்த தோலில், அதுவும் மருத்துவர் அல்லாதவர் கையில், இதைத் தவிர்க்கவே சொல்வேன்.

ஒன்றிரண்டு கோடுகளோ ஒற்றைச் சிலந்தி நாளமோ மட்டும் இருந்தால், மெல்லிய ஊசி முனையால் மின்சூடு அல்லது ரேடியோ அலைச் சூடு கொடுத்து மூடும் முறை மலிவானது. சிலந்தி நாளத்தின் நடுப்புள்ளியைச் சரியாகத் தொட்டால் கால்கள் எல்லாம் தாமாகவே வற்றும். ஊசி பட்ட இடத்தில் சிறு பள்ளமோ கரும்புள்ளியோ வர வாய்ப்புண்டு. கால் நாளங்களுக்கு ஊசி வழியே மருந்து செலுத்தி மூடும் ஸ்கிளீரோதெரபியை முகத்தில் செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். முக நாளங்கள் கண்குழியின் நாளங்களோடும், அவற்றின் வழியாக மூளையடி நாளக் குடாவோடும் இணைந்திருப்பதால், மருந்து வழிதவறினால் விளைவு கடுமையாக இருக்கும். முகத்துக்கு அது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

படி 7: மருத்துவரையும் அமர்வையும் திட்டமிடுங்கள்

எம்.டி. டி.வி.எல்., டி.டி.வி.எல். அல்லது அதற்கு இணையான தோல் மருத்துவப் பட்டம் உள்ளவரா, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன என்று கேட்பதில் கூச்சம் தேவையில்லை. கருவியின் பெயரும் அலைநீளமும் என்ன, என் நிறத் தோலில் செய்தவர்களின் முன்பின் படங்கள் உண்டா, லேசரை இயக்கப் போவது நீங்களா உதவியாளரா, கொப்புளம் வந்தால் யாரை அழைப்பது என்ற கேள்விகளுக்கு நேரான பதில் கிடைக்க வேண்டும். நூறு சதவீதம் போய்விடும், ஒரே அமர்வில் முடிந்துவிடும் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். செலவு இடிக்கும் என்றால் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் முதலில் காட்டுங்கள். அங்கே லேசர் இல்லாவிட்டாலும் நோயறிதலும், ஸ்டீராய்டை நிறுத்துவதற்கான வழிகாட்டலும் கிடைக்கும்.

கர்ப்பம், இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரை, பருவுக்கு எடுக்கும் ஐசோட்ரெட்டினாயின், டாக்சிசைக்ளின், முன்பு உதட்டோரம் வந்த அக்கிக் கொப்புளம், தழும்பு தடித்து வளரும் இயல்பு ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். திருவிழா, சுற்றுலா என்று வெயிலில் அலைந்து கறுத்திருக்கும்போது லேசர் செய்துகொள்ளக் கூடாது. அந்தக் கருமை தணிய நான்கு வாரமாவது விட வேண்டும். கத்திரி வெயிலில் தொடங்குவதைவிட மார்கழி, தை மாதங்களில் தொடங்குவது புத்திசாலித்தனம்.

முதல் அமர்வுக்கு முன் காதோரத்திலோ தாடையடியிலோ ஒரு சிறு இடத்தில் சோதனைத் துடிப்பு கொடுத்துச் சில வாரங்கள் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நம் தோலில் கருமை உடனே வராது, இரண்டு மூன்று வாரம் கழித்தே தலைகாட்டும். அமர்வின்போது கண்களுக்கு ஒளி புகாத கவசம் கட்டாயம். ஒவ்வொரு துடிப்பும் ரப்பர் பட்டை சுண்டியதுபோல் சுள்ளென்று படும். கோடு சட்டென்று மறைவதோ, சாம்பல் நிறமாவதோ, ஒரு கணம் கறுப்பதோ போதுமான அடையாளம். அதன் பின்னும் அதே இடத்தில் ஒளியைப் பாய்ச்சிக்கொண்டே இருப்பது தேவையில்லை. நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு அமர்வுகள் தேவைப்படும். கன்னக் கோடுகள் எளிதில் பணியும். மூக்கு மடலின் ஓரத்தில் இருப்பவை பிடிவாதமானவை.

படி 8: முடிந்த பிறகு

முதல் ஓரிரு நாள் முகம் சிவந்து, கண்ணுக்குக் கீழே சற்று வீங்கியிருக்கும். துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் பத்துப் பத்து நிமிடம் கொடுக்கலாம். முதல் இரவு தலையணையை உயர்த்திப் படுத்தால் வீக்கம் குறையும். மணமற்ற ஈரப்பதமூட்டியும் சன்ஸ்கிரீனும் தவிர வேறெதுவும் வேண்டாம். வெந்நீர்க் குளியல், கடும் உடற்பயிற்சி, சமையலறைச் சூடு ஆகியவற்றை இரண்டு மூன்று நாள் தள்ளி வையுங்கள். மஞ்சள், சந்தனம், கற்றாழை மடலை வெட்டி நேரே தேய்ப்பது ஆகியவை இந்த நாட்களில் எரிச்சலைக் கூட்டக்கூடும். கொப்புளம் வந்தால் உடைக்காமல் பெட்ரோலியம் ஜெல்லி தடவி, அன்றே மருத்துவருக்குப் படம் அனுப்புங்கள். கருமை படிந்தால் பதறி மறுபடியும் பழைய வெளுப்பு க்ரீமை எடுத்துவிடாதீர்கள். வெயிலிலிருந்து காத்து, மருத்துவர் தரும் மருந்தோடு பொறுத்திருந்தால் மாதங்களில் மங்கும்.

மூடிய நாளம் பொதுவாகத் திரும்புவதில்லை. ஆனால் வெயிலும் ரோசேசியாவும் தொடரும் வரை பக்கத்தில் புதியவை விரியும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோ ஓர் அமர்வு தேவைப்படலாம் என்று கணக்கிட்டே செலவைத் திட்டமிட வேண்டும். முதலில் எடுத்து வைத்த படத்தை அதே சன்னலோரத்தில் எடுத்த புதுப் படத்தோடு, கடைசி அமர்வு முடிந்து இரண்டு மாதம் கழித்து ஒப்பிடுங்கள். அதற்குள் ஒப்பிட்டால் கரைந்துகொண்டிருக்கும் நாளத்தையும் மிஞ்சியது என்று எண்ணி, தேவையில்லாத இன்னோர் அமர்வுக்குப் பணம் கட்ட நேரிடும்.